ஐந்து லீற்றர் கான்

மண்டூர்த் துறை. காலை ஆறரை மணி. பாதை, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றும் தட்டுப் படகு, இன்னும் குருமண்வெளிக் கரையில் நிற்கிறது.

இந்தக் கரையில் மூன்று மோட்டார் சைக்கிள்கள். தயிர்ச் சட்டிகள் கட்டிய ஒரு சைக்கிள். சீருடையில் இரண்டு பிள்ளைகள். சற்றுத் தள்ளி, மரத்தடியில், ஒரு தாயும் மகளும்.

தாய்க்கு 58 வயது. சேலையை இடுப்பில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருக்கிறார். மகளின் கையில் ஓர் உரப்பை. பையின் வாய் நைலோன் கயிற்றால் கட்டியிருக்கிறது. உள்ளே ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான்.

பாதை வருகிறது. தட்டு கரையில் முட்டுகிறது. மோட்டார் சைக்கிள்கள் முதலில் ஏறுகின்றன. பிறகு பிள்ளைகள். தாய் ஒரு காலை வைக்கிறார். மூச்சு வாங்குகிறார். மற்றக் காலை வைக்கிறார். மகள் ஒரு கையால் தாயைத் தாங்குகிறாள். மற்றக் கையில் பை. பை ஆடவில்லை.

தயிர்க்காரர் பையைப் பார்க்கிறார்.

“தேனா மனே?”

“இல்ல மாமா. ஆசுபத்திரிக்கு.”

அவர் தாயின் முகத்தைப் பார்க்கிறார். வேறு கேள்வி கேட்கவில்லை. சைக்கிளை ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறார். தாய் சாய்ந்து நிற்க இடம் கிடைக்கிறது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மேற்கே படுவான்கரை: வட்டை, வாடி, மாடு, வெள்ளாமை. கிழக்கே எழுவான்கரை: கடல், பிரதான வீதி, பஸ், பெரியாசுபத்திரி. வடக்கே மண்முனையில் 2014இல் பாலம் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் சுற்றிப் போக மோட்டார் சைக்கிளில் நெடுநேரம் இருக்க வேண்டும். தாயின் வயிறு அதற்கு இடம் கொடாது. அதனால் பாதை.

கானில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்ரர். அதில் பேனை எழுத்து: ஆரம்பம் காலை 6.00, முடிவு காலை 6.00. இடையில் சேர்ந்திருப்பது ஒரு முழு நாளின் சலம்.

கிளினிக்கில் சொல்லிவிட்ட முறை இதுதான். காலையில் எழும்பியதும் போகும் முதல் சலத்தை வெளியே விட வேண்டும். அந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு துளியும் வெளியே போகக் கூடாது. மறுநாள் காலை அதே நேரத்துச் சலமும் கானுக்குள் விழ வேண்டும். அதோடு முடிவு.

சொல்ல நாலு வரி. செய்ய ஒரு நாள்.

முந்திய நாள், வீடு. குளிர்சாதனப் பெட்டி இல்லை. மகள் கானைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணலில் புதைக்கிறாள். மூடி மட்டும் வெளியே தெரிகிறது. மேலே ஈரச் சாக்கு. தாய் வழக்கம்போல வளவுக்குப் பின்னால் எழுந்து போகிறார். மகள் பிளாஸ்ரிக் பேசினோடு பின்னால் ஓடுகிறாள். தாய்க்கு வெட்கம். பெற்ற பிள்ளைக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மகளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பேசின் மட்டும் நடுவில் நேராக நிற்கிறது.

பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கம். மகளின் கையெழுத்து. 7.20. 9.45. 12.10. 2.30. 5.00. 8.15. 11.40. 3.05. 6.00. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். 3.05இன் சரி அடையாளம் கோணலாக இருக்கிறது. அது டோர்ச் வெளிச்சத்தில் போட்டது.

களுவாஞ்சிகுடியில் பஸ். களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம். கான் மகளின் மடியில். ஆரையம்பதியில் கூட்டம் ஏறுகிறது. காத்தான்குடியில் இன்னும் ஏறுகிறது. நடத்துநர் பையை மேலே வைக்கச் சொல்கிறார். மகள் தலையை அசைக்கிறாள். அவர் இரண்டாம் தரம் சொல்லவில்லை. கல்லடியில் புதிய பாலம். பக்கத்தில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம். தாய் நித்திரை.

ஆய்வுகூடத்தில் கான் கைமாறுகிறது.

ஊழியர் கையுறையோடு மூடியைத் திறக்கிறார். முகம் மாறவில்லை. கானைக் குலுக்குகிறார். அளவுச் சாடியில் ஊற்றுகிறார். கண்ணை அளவுக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்துகிறார். 1240 மில்லிலீற்றர்.

“ஒண்டும் விடுபடல்லத்தானே?”

மகள் கொப்பியை நீட்டுகிறாள். அவர் ஒன்பது வரியையும் மேலிருந்து கீழாக வாசிக்கிறார். கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுக்கிறார்.

கானிலிருந்து சிறு குழாயில் கொஞ்சம். தாயின் கையிலிருந்து இன்னொரு குழாயில் இரத்தம். நரம்பு கிடைக்க நேரம் எடுக்கிறது. ரப்பர் பட்டி மேல்கையைச் சுற்றி இரண்டு சுற்றுப் போகிறது. மற்றவர்களுக்கு ஒரு சுற்று.

இரண்டு குழாயிலும் தேடுவது ஒரே பொருள். கிரியேற்றினின். தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடித்துச் சலத்தில் விடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் தேங்குகிறது. 1886இல் மக்ஸ் யாஃபே என்ற ஜெர்மன் வேதியியலாளர் காரம் சேர்ந்த பிக்ரிக் அமிலத்தின் மஞ்சளில் இதைச் சேர்த்துப் பார்த்தார். மஞ்சள் செம்மஞ்சளாக மாறியது. கிரியேற்றினின் கூடக் கூட நிறமும் கூடும். இன்றைக்கும் உலகத்தின் பல ஆய்வுகூடங்களில் இயந்திரம் பார்ப்பது அதே நிற மாற்றத்தைத்தான்.

இரண்டு நாள் கழித்து, புற்றுநோய் கிளினிக்.

வாங்குகள் நிறைந்துவிட்டன. மேசையில் கிளினிக் கொப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக. பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டவை. பொலித்தீனில் சுற்றியவை. ஒன்றில் பிள்ளையார். ஒன்றில் மக்கா. ஒன்றில் வேளாங்கண்ணி மாதா. தாதி அடியிலிருந்து எடுக்கிறார். அடியில் இருப்பது முதலில் வந்தது.

“எந்த ஊரு புள்ள?” பக்கத்து வாங்கிலிருந்து ஒரு பெண். தலையில் முக்காடு. மடியில் தேநீர்ப் போத்தல்.

“மண்டூர்.”

“பாதையாலயா வந்த?”

“ஓம்.”

போத்தல் மூடியில் தேநீர் ஊற்றுகிறார். தாயின் கைக்குக் கொடுக்கிறார். தனது உம்மாவின் கொப்பி எத்தனையாவதாக இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறார். மறுபடி இருக்கிறார்.

தராசு சுவரோரம். செருப்பைக் கழற்ற வேண்டும். பையை வைக்க வேண்டும். குடையை வைக்க வேண்டும். தாய் ஏறுகிறார். முள் ஆடி நிற்கிறது. 41.

போன கிழமை 45. போன கிழமை வயிற்றில் நீர் இருந்தது. சூலகப் புற்றுநோயில் வயிற்றுக்குள் நீர் தேங்குவது வழக்கம். வாட்டில் குழாய் வைத்து நாலு லீற்றர் எடுத்தார்கள். தராசுக்குத் தசையும் தெரியாது, நீரும் தெரியாது. எல்லாம் நிறைதான். தாதி 45ஐக் கோடிட்டு வெட்டுகிறார். 41 என்று எழுதி, பக்கத்தில் “நீர் எடுத்த பின்” என்றும் எழுதுகிறார். அந்த மூன்று சொல்லை எழுத அவருக்கு நேரம் இருக்கிறது. வரிசை வாசலுக்கு வெளியே போகிறது.

உள்ளே இன்னொருவர் இருக்கிறார். 66 வயது மீனவர். கன்னத்தில் கட்டு. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில் வருவது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதன் வாசல். அவருடைய பல்லில் இன்னும் காவி நிறம். அவருக்குக் கிழமைக்கு ஒரு தரம் சிஸ்பிளாற்றின்.

சிஸ்பிளாற்றின் பிளாற்றினத்தில் செய்த மருந்து. 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் பக்டீரியாக்கள் இருந்த கரைசலில் மின்சாரம் செலுத்தினார். மின்வாய்கள் பிளாற்றினம். பக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினம். 1978இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. கட்டியையும் சுடும், சிறுநீரகக் குழாய்களையும் சுடும். அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் சேலைன். மக்னீசியம் குறைகிறதா என்று கண்காணிப்பு. போகும் சலத்துக்கு அளவு.

மீனவரின் முதல் கிழமைக் கிரியேற்றினின் 0.9. இன்றைக்கு 1.4. வைத்தியர் கல்குலேற்றரைத் தட்டுகிறார். முதல் கிழமைக் கணக்கில் சிறுநீரக வடிப்பு 62. இன்றைய கணக்கில் 40. பேனை கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் நிற்கிறது.

“தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க ஐயா?”

அவர் கட்டைத் தொட்டுக் காட்டுகிறார். மனைவி பதில் சொல்கிறார்.

“ரெண்டு கோப்ப. விழுங்க ஏலாது.”

“இந்தக் கிழம ஊசி இல்ல. சேலைன் மட்டும். மூண்டு நாளால திரும்ப இரத்தம் பாப்பம்.”

மீனவர் எழும்பவில்லை. மருந்து இல்லையென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் முகம் நினைக்கிறது. வைத்தியர் அதைக் கவனிக்கிறார். கதிரையை முன்னால் இழுக்கிறார். மெல்லிய குரலில் மறுபடி முதலிலிருந்து சொல்கிறார். கிட்னி களைச்சிட்டுது. களைப்பு ஆறட்டும். பிறகு குடுப்பம். மீனவர் இப்போது தலையை அசைக்கிறார்.

அடுத்த கொப்பி. மண்டூர்.

தாய் கதிரையின் விளிம்பில் இருக்கிறார். மகள் பின்னால் நிற்கிறாள். மேசையில் ஆய்வுகூடத் தாள். இரத்தக் கிரியேற்றினின் டெசிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம். தாளில் எங்கும் எச்சரிக்கை அடையாளம் இல்லை. அதற்குக் கீழே கணினி தானாகக் கணக்கிட்டு அச்சடித்த எண்: 109. சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 109 மில்லிலீற்றர் வடிக்கின்றன என்று அர்த்தம். இளவயதுக்காரர்களுக்கு வரும் எண்.

வைத்தியர் 109ஐப் பார்க்கிறார். தாயைப் பார்க்கிறார்.

“அம்மா, கையை நீட்டுங்க.”

மேல்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சுற்றிப் பிடிக்கிறார். விரல்கள் ஏறத்தாழ ஒன்றையொன்று தொடுகின்றன.

“முந்தி வெள்ளாம வெட்டுக்குப் போற நான்,” என்கிறார் தாய். “சூட்டுக் களத்திலயும் நிப்பன். ரெண்டு குடம் ஒண்டாத் தூக்குவன்.”

“எப்ப மட்டும்?”

“போன வருசம் மட்டும்.”

கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும். இரத்தத்திலும் குறைவாகத்தான் இருக்கும். சூத்திரம் அந்தக் குறைவைச் சிறுநீரகத்தின் பலம் என்று வாசிக்கிறது. பசியற்ற மாதங்களும் நோய் தின்ற சதையும் தாளில் ஆரோக்கியமாக அச்சாகின்றன.

இவருக்குக் கொடுக்க இருக்கும் மருந்து காபோபிளாற்றின். அதுவும் பிளாற்றினம்தான். சிறுநீரகத்தைச் சிஸ்பிளாற்றின் போலச் சுடாது. ஆனால் உடம்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரக வழியாக. வடிப்பு வேகமாக இருந்தால் மருந்து சீக்கிரம் போய்விடும். மந்தமாக இருந்தால் உடம்பிலேயே நிற்கும். பல புற்றுநோய் மருந்துகளை உடம்பின் பரப்பைப் பார்த்து அளக்கிறார்கள். இதைச் சிறுநீரகத்தைப் பார்த்து அளக்கிறார்கள்.

1989இல் இங்கிலாந்தில் ஹிலரி கல்வேர்ட் என்பவரும் கூட்டாளிகளும் அந்த அளவை ஒரு வரியில் எழுதினார்கள். சிறுநீரக வடிப்போடு 25ஐக் கூட்டு. உடம்பில் வேண்டிய மருந்துச் செறிவின் எண்ணால் பெருக்கு. இந்த நோய்க்கு அந்த எண் 5 அல்லது 6. முதலில் 18 நோயாளிகளின் அளவுகளிலிருந்து சூத்திரம் எடுத்தார்கள். பிறகு 31 பேரில் சோதித்தார்கள். அங்கே சிறுநீரகத்தை நேரடியாக அளந்தார்கள். கதிரியக்கக் குரோமியம் சேர்ந்த திரவத்தை ஊசியில் ஏற்றி, மணித்தியாலக் கணக்கில் இரத்தம் எடுத்து, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். அந்த எண்ணில் ஊகம் குறைவு.

இந்த மேசையில் கல்குலேற்றர் இருக்கிறது.

வைத்தியர் காகிதத்தில் எழுதுகிறார். 140இலிருந்து வயதைக் கழி: 82. நிறையால் பெருக்கு: 3362. கிரியேற்றினினையும் 72ஐயும் பெருக்கி வகு: 93. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கு: 79.

இது கொக்குரோஃப்ற், கோல்ற் என்ற இரண்டு வைத்தியர்களின் சூத்திரம். 1976. மொன்றியலில் ஒரு முன்னாள் படைவீரர் வைத்தியசாலை. 249 நோயாளிகள். ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். அவர்களும் 24 மணி நேரச் சலம் சேர்த்துக் கொடுத்தவர்கள்தான். பெண்களுக்கு 15 வீதம் குறைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு யோசனையாகச் சேர்ந்தது. படுவான்கரையின் வட்டையில் கதிர் அறுத்த ஒருத்தியின் சிறுநீரகத்தை, கனடாவின் படைவீரர்களின் சராசரி வந்து அளக்கிறது. வேறு அளவுகோல் இல்லாத இடங்களில் ஐம்பது வருசமாக அதுதான் அளக்கிறது.

காகிதத்தில் இன்னும் எண்கள் விழுகின்றன. 109 என்பது 1.73 சதுர மீற்றர் உடம்புக்கு. தாயின் உடம்பு 1.31. மாற்றினால் 83. சில புற்றுநோய் ஆய்வுக் குழுக்களின் விதி: கிரியேற்றினின் 0.7க்குக் கீழே இருந்தால் 0.7 என்றே எடு. அப்படி எடுத்தால் 57.

பிறகு கானின் தாள். சலம் 1240 மில்லிலீற்றர். அதில் டெசிலீற்றருக்கு 38 மில்லிகிராம் கிரியேற்றினின். ஒரு நாளின் நிமிடங்கள் 1440. பெருக்கி வகுத்தால் 65.

ஒரே தாய். 109, 83, 79, 65, 57. முதல் எண்ணை நம்பினால் மருந்து 670 மில்லிகிராம். கடைசி எண்ணை நம்பினால் 410. இடையில் 260 மில்லிகிராம்.

கூடினால் இரத்தத் தட்டணுக்கள் விழும். வெள்ளையணுக்கள் விழும். முரசில் இரத்தம் கசியும். காய்ச்சல் வரும். குறைந்தால் கட்டி தப்பும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வீட்டுக்குப் போவது இந்த உடம்புதான். 2010இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் இந்தக் கணக்கைப் பற்றி எச்சரித்தது. கிரியேற்றினின் அளக்கும் முறையை உலகம் சீராக்கியபோது சிலருக்கு எண் கொஞ்சம் கீழே வந்தது. எண் கீழே வந்தால் சூத்திரத்தில் மருந்து மேலே போகும். அதனால் சிறுநீரக வடிப்பை 125க்கு மேல் எடுக்க வேண்டாம் என்றது. அந்த வேலி பெரிய எண்களுக்குத்தான். 109க்கு வேலி இல்லை. அங்கே ஒருவர் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வைத்தியர் 65க்குக் கீழே கோடிடவில்லை. இன்னும் ஒரு கணக்கு. நாள் முழுக்க வெளியேறிய கிரியேற்றினின் 471 மில்லிகிராம். நிறையால் வகுத்தால் கிலோவுக்குப் பதினொன்றரை. இந்த வயதுக்கும் குறைவு. இரண்டில் ஒன்று. உடம்பில் தசை இல்லை. அல்லது கானுக்குள் எல்லாம் விழவில்லை.

“ராவையில எழும்பினீங்களா அம்மா?”

“ரெண்டு தரம்.”

“ரெண்டும் கானுக்குள்ளயா?”

தாய் மகளைப் பார்க்கிறார். மகள் கொப்பியை விரித்து மேசையில் வைக்கிறாள். 11.40. 3.05. வைத்தியரின் விரல் வரி வரியாக இறங்குகிறது. கோணல் அடையாளத்தில் நிற்கிறது.

“இது யார் எழுதின?”

“நான்தான் டொக்டர். டோர்ச்ச வாயில புடிச்சிட்டு எழுதின.”

வைத்தியர் 65ஐச் சுற்றி வட்டம் போடுகிறார். 65ம் 25ம் 90. ஐந்தால் பெருக்கினால் 450.

மருந்துத் துண்டில் 450 என்று எழுதுகிறார். எழுத்திலும் எழுதுகிறார்: நானூற்று ஐம்பது மில்லிகிராம். மகளிடம் கேட்கிறார்.

“குடிக்கிற தண்ணி எங்கால?”

“கிணறு.”

“வயலுக்குள்ளயா?”

“வளவுக்குள்ள.”

அதையும் எழுதிக்கொள்கிறார். மேற்கே பொலன்னறுவை மாவட்டம் இந்த மாவட்டத்தின் எல்லையிலேயே இருக்கிறது. அங்கும் அனுராதபுரத்திலும் 1990களிலிருந்து வயல் மனிதர்களின் சிறுநீரகம் பழுதாகிறது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, ஆனாலும் பழுதாகிறது. காரணத்தை இன்னும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. பொலன்னறுவையில் 2021இல் சிறுநீரகத்துக்கென்றே ஒரு தேசிய வைத்தியசாலை திறந்தார்கள். வெள்ளாமைக்காரர் ஒருவர் முன்னால் வந்து இருந்தால், கேட்க வேண்டிய கேள்விகளில் கிணறும் ஒன்று.

“ராவையில காய்ச்சல் வந்தா எப்பிடி வருவீங்க?”

மகள் யோசிக்கிறாள். “ஓட்டோ புடிச்சி, மண்முனப் பாலத்தால.”

“ஓட்டோக்காரர்ட நம்பர் இரிக்கா?”

“எடுத்து வைக்கிறன்.”

மருந்து கலக்கும் அறை. கண்ணாடிக் கதவு. உள்ளே நீள்கைச் சட்டை, இரட்டைக் கையுறை, முகமூடி. காபோபிளாற்றின் குப்பி உள்ளங்கையில் அடங்குகிறது. 45 மில்லிலீற்றர். அதற்குள் 450 மில்லிகிராம். ஊசி நிறமற்ற நீரை இழுக்கிறது. குளுக்கோஸ் பைக்குள் விடுகிறது. இன்னொருவர் துண்டையும் குப்பியையும் பையின் சிட்டையையும் ஒன்றாக வைத்து வாசிக்கிறார். பெயர். படுக்கை இலக்கம். மருந்து. அளவு. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி வாசிக்கிறார்.

குப்பி காலி. அதில் கழிக்க வேண்டிய மிச்சம் இல்லை.

முதலில் மற்ற மருந்து, பக்கிலிற்றக்செல். மூன்று மணித்தியாலம். தாய் சாய்வுக் கதிரையில். மகள் காலடியில் ஒரு முக்காலியில். நடுப்பகலில் சோற்றுப் பார்சல் பிரிக்கிறாள். தாய்க்கு இரண்டு வாய். மூன்றாவது வாய்க்குக் கை மறுக்கிறது. மகள் அந்த வாயைத் தான் உண்ணவில்லை. பார்சலில் திருப்பி வைக்கிறாள். அரை மணி கழித்து மறுபடி நீட்டுகிறாள். தாய் வாங்குகிறார்.

பிறகு குளுக்கோஸ் பை. துளி விழுகிறது. தாதி மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணுகிறார். சக்கரத்தை ஒரு மயிரிழை நகர்த்துகிறார். மறுபடி எண்ணுகிறார்.

தாய் முழங்காலைத் தடவுகிறார்.

“நோவுதா அம்மா?”

“உளைவு. ஒரு குளிச போட்டா நிக்கும்.”

முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். உள்ளே ஒரு வெள்ளிப் பட்டை. ஆறு குளிசை இருந்த இடம் வெடித்திருக்கிறது. நாலு மிச்சம். தாதி வாங்கிப் பெயரை வாசிக்கிறார். டைக்குளோபெனக்.

“எங்கால இது?”

“கடையில.”

“எப்ப இருந்து போடுறீங்க?”

“ஒரு கிழம இரிக்கும். நெடுகப் போடுறல்ல.”

மகள் நிமிர்கிறாள். அவளுடைய ஒன்பது வரிக்குள் இது இல்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தாதி பட்டையோடு உள்ளே போகிறார். வைத்தியர் எழுந்து வருகிறார். தாயின் காலைப் பார்க்கிறார். வீக்கம் இல்லை. இன்று காலையிலிருந்து எத்தனை தரம் சலம் போனது என்று கேட்கிறார். கொப்பியில் எழுதுகிறார்: வலி மாத்திரை எடுத்திருக்கிறார், நிறுத்தியது. அடுத்த செவ்வாய் கிரியேற்றினின். அடுத்த மருந்துக்கு நிறை புதிதாக, கணக்கும் புதிதாக. 21ஆம் நாளுக்குத் திகதி போடுகிறார். பேசும்போது தாயைத் திட்டவில்லை. தன் கேள்விப் பட்டியலில், கிணற்றுக்கு மேலே, வலிக் குளிசை என்று ஒரு வரி சேர்க்கிறார்.

தாதி முக்காலியை இழுத்துத் தாய்க்கு முன்னால் இருக்கிறார்.

“அம்மா, இந்தக் குளிச கிட்னிக்குக் கூடாது. இந்த மருந்து ஏத்துற காலத்தில தொடவே வேணாம். உளைவெண்டா பனடோல். அதுக்கும் கேக்காட்டி இங்க சொல்லுங்க. கடையில வாங்காதீங்க.”

“காய்ச்சலுக்கும் அதானே மிஸ்ஸி?”

தாதி கையை உயர்த்துகிறார்.

“இல்ல. காய்ச்சல் எண்டா பனடோலக் குடிச்சிட்டுப் படுக்கிறல்ல. உடன வரணும். ராவையெண்டாலும் வரணும். விடியட்டும் எண்டு பாக்கிறல்ல.”

தாய் மகளைப் பார்க்கிறார். மகள் போனை எடுத்து ஊருக்குப் பேசுகிறாள். ஓட்டோக்காரரின் நம்பரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியின் பின் மட்டையில் எழுதுகிறாள். தாதி பேனையை வாங்கி, அதற்குக் கீழே வாட்டின் நம்பரை எழுதிக் கொடுக்கிறார்.